மேடையை விட்டு இறங்கிய கிழவர்கள்

சாரி-புலாக்
மார்ச் மாதம், பனி இன்னும் கூரையில்

அன்பு மகன் உலாருக்கு,

இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்து ஏதோ சின்னப் பிள்ளை கிறுக்கியது என்று தூக்கிப் போட்டுவிடாதே, எழுதுவது உன் அத்தாதான். வரிகள் மலைப்பாதை மாதிரி ஏறி இறங்குகின்றன, சில எழுத்து குதிரைக் குளம்பு அளவுக்கும் சில எழுத்து ஆட்டுப் புழுக்கை அளவுக்கும் விழுந்திருக்கிறது, பொறுத்துக்கொண்டு படி. எழுபது வருஷம் கயிறும் சவுக்கும் பிடித்த விரல்கள், பேனா அவற்றுக்கு இந்தக் குளிர்காலத்தில்தான் பழக்கமானது. இங்கே நானும் உன் அம்மாவும் ஜிபெக்கும் சுகம், ஆடுகளும் சுகம், செம்பசு சினையாக இருக்கிறது, கிழட்டுக் குதிரை இந்தக் குளிரையும் எப்படியோ தாண்டிவிட்டது. நீயும் குல்சாத்தும் அங்கே சுகமா, இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலையா அல்லது இன்னும் ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புகிற பிழைப்புதானா, நேரத்துக்குச் சூடாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா, எழுது.

எழுத வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பசு, குதிரை என்று பேசியே தப்பித்துவிடுவேன். போன வாரம் போனில் நீ கேட்டாய், ஜிபெக் திடீரென்று என்னையும் ரஷ்யாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறாளே, அங்கே என்ன நடந்தது அத்தா என்று. அம்மா ஞாபகம் வந்திருக்கும், பதினைந்து வயதுப் பெண் பிள்ளை அல்லவா என்றேன். அது உண்மையல்ல. போன் அவளுடையது, அதை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நாள் எனக்காக எதையாவது எழுத வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்ததும் அவள்தான், இதை அவளிடம் சொல்லி எழுத வைக்க முடியுமா? அதனால் மாட்டுக் கொட்டகையில் தீவனப் பெட்டிமேல் பலகையைப் போட்டு நானே எழுதுகிறேன். கெரிம்பாயின் மருமகன் உன் ஊர்ப்பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். மகனே, உன் மகள் இந்த ஊரை விட்டுப் போக நினைப்பதற்குக் காரணம் நான். நானும் என்னோடு சில கிழவர்களும்.

நம் பழைய கிளப் கட்டிடம் உனக்கு நினைவிருக்கும். நீ சின்னவனாக இருந்தபோது அது கிளப்பே அல்ல, வைக்கோல் கிடங்கு, நீங்களெல்லாம் மேடையிலிருந்து வைக்கோலில் குதித்துச் சட்டை முழுக்கத் தூசியோடு வந்து அம்மாவிடம் அடி வாங்குவீர்கள். கூட்டுப் பண்ணை கலைந்தபோது ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனோம் அல்லவா, நாற்காலி ஒருவனுக்கு, கதவு ஒருவனுக்கு, அந்தப் பெரிய சிவப்புத் திரையைக்கூடக் கிழித்துப் பங்கு போட்டோம், நம் பங்கு உன் அம்மா கையால் மெத்தை உறையாகி இத்தனை வருஷம் எனக்குக் கீழேதான் கிடந்தது. போன கோடையில் கால்நடை மருத்துவரின் மகள் அல்தினாய் நகரத்துப் படிப்பை முடித்துக்கொண்டு வந்து, அதை இளைஞர் மன்றம் ஆக்கப்போகிறேன் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஊரே கூலியில்லாமல் சேர்ந்து வேலை செய்தது. தரையில் முழங்கால் ஆழத்துக்கு இறுகிக் கிடந்த ஆட்டுச் சாணத்தைப் பிள்ளைகள் கடப்பாரையால் பெயர்த்தார்கள், மண்கல் வைத்து அடைத்திருந்த ஜன்னல்களை இடித்துத் திறந்தார்கள், கூரைத் தகடு மாற்றினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், புது அடுப்பு கட்டினார்கள். ஜிபெக் கையெல்லாம் கொப்புளம். நாங்கள் கிழவர்கள் நிழலில் உட்கார்ந்து இப்படிப் பிடி, அப்படி அடி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பெண்கள் திரைத்துண்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், உன் அம்மாவும் என் மெத்தையைப் பிரித்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டுச் சிவப்பும் ஒவ்வொரு மாதிரி வெளுத்திருந்தது, எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டுத் தைத்து மறுபடியும் மேடையில் தொங்கவிட்டார்கள். நம் துண்டு எது என்று எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும், நடுவில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த வட்டம் இருக்கிறது.

இனித்தான் வெட்கக்கேடு. திறப்பு நாளன்று பெரியவர்களை அழைத்தார்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் வாசலுக்குத் தொலைவாக, எதிர்ச் சுவர் ஓரத்தில் இருக்கிற மரியாதை இடம் யாருக்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டிடத்தில் வாசலுக்குத் தொலைவான இடம் மேடை. எவரும் யோசிக்கவில்லை, பிள்ளைகளும் யோசிக்கவில்லை, வாங்க அத்தா, மேல வாங்க, மேல வாங்க என்று கையைப் பிடித்து ஏற்றினார்கள், நாங்களும் ஏறிவிட்டோம். மெத்தை வந்தது, தேநீர் வந்தது, அடுப்பு பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் ஆடவும் பாடவும் ஏதோ தயார் செய்து வைத்திருந்தார்கள், மேடையில் நாங்கள் உட்கார்ந்திருந்ததால் வாசல் பக்கத்தில், செருப்பு கழற்றிப் போட்டிருந்த இடத்தில் நின்று ஆடினார்கள். நாங்கள் மேலே இருந்து கை தட்டினோம். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல, அன்று மாலைதான் உனக்குப் போன் செய்து, உன் மகளுக்கு ஒரு மாளிகையே கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று பீற்றிக்கொண்டேன்.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். வீட்டில் சாணி வரட்டியை எண்ணி எண்ணி எரிக்கிறோம், அங்கே நிலக்கரி கணகணவென்று எரிகிறது. டிராக்டர் ஓட்டிய ஒஸ்மோன், காது மந்தமான கெரிம்பாய், இன்னும் இரண்டு பேர், நான். நாங்கள் உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவன் எழுந்து நிற்பான், பாட்டுப் போட்டிருப்பவள் அதை நிறுத்துவாள். டேபிள் டென்னிஸ் மேஜை அகலமாக இருக்கிறது என்று அதன்மேல் விரிப்புப் போட்டு ரொட்டி வைத்தோம். வாசலருகே உட்கார்ந்திருப்பவர்தானே தேநீர் ஊற்ற வேண்டும், அதனால் எப்போதும் ஏதோ ஒரு பிள்ளை கெட்டிலும் கையுமாக நிற்கும். நாங்கள் அதைப் பார்த்து, நம்ம ஊருப் பிள்ளைங்களுக்கு இன்னும் மரியாதை போகலப்பா என்று மெச்சிக்கொள்வோம். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் குறைந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுகிறேன், கண் இருக்கிறவன் இதை எழுதலாமா என்றும் தோன்றுகிறது.

தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதுதான் என்னை அதிகமாகக் குத்துகிறது. நான் அங்கே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூட வண்டி வரும்போதெல்லாம் நான் குதிரையில் மேல் மேய்ச்சலுக்கு ஓடிவிடுவேன் என்று உனக்குத் தெரியும், அதை ஒரு வீரக்கதை மாதிரி உனக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அல்தினாய் என்னிடம் ஒரு பத்திரிகையை நீட்டினாள், நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மற்றவர்கள் கிளம்பிய பிறகு அத்தா, கொஞ்ச நேரம் இருங்க என்று சொல்லி ஒரு எழுத்து காட்டிக் கொடுத்தாள். அப்புறம் தினமும் ஒன்று. மகனே, கடையில் உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்து அதில் உப்பு என்று எழுதியிருப்பதை நானே படித்த அன்று, கடைக்காரியிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன், அவள் உப்பை இலவசமாகக் கொடுத்து என்னை வெளியே அனுப்பினாள். தினமும் வீட்டுக்கு வரும்போது புது எழுத்தை ஜிபெக்கிடம் காட்டுவேன். ரொம்ப நல்லா இருக்கு தாத்தா என்பாள். மன்றத்துக்குப் போயிட்டு வந்தியாம்மா என்று கேட்டால் போயிட்டு வந்தேன் என்பாள். நீ வந்து நான் பார்க்கலையே என்றால், நீங்க போனதுக்கு அப்புறம் வந்தேன் என்பாள். அவள் மூக்கு சிவந்து, விரல்கள் விறைத்து வந்ததை நான் பார்க்கவில்லை. எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மினிபஸ்ஸில் மாவு மூட்டை வருகிறது என்று பாதைக்கு இறங்கிப் போனேன். வழக்கமாக அந்த நேரத்தில் நான் மேடையில் இருப்பேன். பாதை ஓரத்தில் அந்தப் பழைய பஸ் நிழற்குடை இருக்கிறதல்லவா, கழுகுப் படம் பதித்தது, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் காற்று. அதற்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள், குருவிக் கூட்டம் மாதிரி ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு. நடுவில் தையல்காரி வீட்டு எமில், வெள்ளைக் கம்பளித் தொப்பியும் ஆட்டு மயிரில் செய்த தாடியும் ஒட்டிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து ஒரு கிழவனாக நடித்துக்கொண்டிருந்தான். நவ்ரூஸ் வசந்தப் பண்டிகைக்காக நம் ஜிபெக்கே எழுதிய நாடகமாம் அது. அவள் கையுறை போட்ட கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தமா பேசுடா, கிழவனுக்குக் காது கேக்காது என்று விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எமில் தாடியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் திணித்தான். எல்லோரும் எழுந்தார்கள். எழுந்து சலாம் சொன்னார்கள். அந்தச் சிமெண்டுப் பலகையில் இருந்த ஒரே காய்ந்த இடத்தை எனக்குக் காட்டி, உக்காருங்க அத்தா என்றார்கள். மகனே, அந்த இடத்தில்கூட.

இங்க ஏன்டா உறைஞ்சுபோய் நிக்கிறீங்க, மன்றத்துல அடுப்பு எரியுதே என்று கேட்டேன். ஒரு பெண் காற்று நல்லா இருக்கு அத்தா என்றாள், அப்போது பனித்தூள் அவள் வாய்க்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. எமிலுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். வர்றோம் அத்தா, வந்தா தேநீர் ஊத்துவோம், உங்க பல்லுக்கு ஏத்தமாதிரி ரொட்டியைப் பிச்சுப் போடுவோம், உங்க டிராக்டர் கதைக்குச் சிரிப்போம், அந்த வேலைக்கு எங்க வீட்டுலயே ரெண்டு கிழடு இருக்கு அத்தா என்றான். மற்றவர்கள் அவன் முதுகில் குத்தினார்கள், மன்னிச்சிடுங்க அத்தா, இவன் இப்படித்தான் என்றார்கள். ஜிபெக் என்னோடு வந்து மாவு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில்தான் கேட்டாள். தாத்தா, மேடையில நீங்க உக்காந்திருக்கீங்க, நாங்க எங்க நிக்கிறது? கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டே, இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும், ஊருல நாய்க்குக்கூடத் தெரியும் என்றாள். தெரிஞ்சும் ஏன்டி சொல்லல என்று கத்தினேன். அவள் கையை நிறுத்தாமல், தினமும் சாயங்காலம் பல்லு முளைச்ச பிள்ளை மாதிரி ஒரு எழுத்தைத் தூக்கிக்கிட்டு வர்றீங்க, உங்க மூஞ்சியைப் பாத்து யாருக்குச் சொல்ல மனசு வரும், உங்க பேத்திதான், தாத்தா எழுத்தைக் கத்து முடிக்கட்டும், எதுவும் சொல்லாதீங்கன்னு என் வாயை அடைச்சா என்றாள். அல்தினாயிடம் போய்க் கேட்டேன். அவளும் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் அஞ்சே எழுத்துதான் பாக்கி அத்தா, முடிஞ்சதும் ஏதாவது சொல்லிப் பாக்கலாம்னு இருந்தேன் என்றாள். அப்படியென்றால் பார், என் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நாள் அந்தப் பிள்ளைகள் காற்றில் நின்றிருக்கிறார்கள். என்னை வேடிக்கை பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் சந்தோஷம் கலைந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறார்கள். அன்று ராத்திரி உணவுக்கு உட்கார்ந்தபோது ஜிபெக் எனக்கு முதுகுப் பக்கம் தலையணை வைத்தாள், அவள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் மேடையில் நண்பர்களிடம் பேச்சை எடுத்தேன். இது பிள்ளைகளுக்காகக் கட்டினது, நாம இறங்கிக்கலாம் என்றேன். கெரிம்பாய் ஆமா, இந்த வருஷம் குளிர் ஜாஸ்திதான் என்றான். ஒஸ்மோனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. இந்தச் சுவத்துக்கு ஆத்துலயிருந்து கல்லு சுமந்தது யாருடா, நீயும் நானுந்தானே, இப்ப எவனோ ஜன்னல் மாத்திட்டா கட்டிடம் அவனுதா என்றான். கல்லு சுமந்தோம், சரி, இங்க நாம ஆடினோமே, அப்ப எந்தக் கிழவனாவது உள்ள வந்து உக்காந்தானா என்று கேட்டேன். அப்பக் கிழவனுங்களுக்கு வீட்டுல பொண்டாட்டி இருந்தா, அடுப்பு இருந்தது என்றான். அவன் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் மூன்று பேரும் உன்னைப் போல வெளியூரில், அவன் வீட்டுக்குள் போனால் சுவரில் உறைபனி படிந்திருக்கிறது. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் நிழற்குடையில் நின்ற பிள்ளைகளும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பெரியவர்களை எழுந்து போகச் சொல்ல இந்த ஊரில் எவனுக்கும் வாய் கிடையாது, அல்தினாய்க்குக் கிடையாது, ஊர்த் தலைவருக்குக் கிடையாது. கூட்டத்தில் மூத்தவன் ஒருவனால் மட்டும் முடியும். மூத்தவன் நான், ஒஸ்மோனை விட ஒரு கோடை முன்னால் பிறந்தவன்.

அதனால், இரண்டு நாள் தயங்கிவிட்டு, துவாவுக்குக் கையை விரித்தேன். புரிகிறதா மகனே? ரொட்டி அப்போதுதான் வந்தது, தேநீர் இன்னும் ஆறவில்லை, நான் இரண்டு கையையும் விரித்துத் துவா சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இந்த வீடு செழிக்கட்டும், இதைக் கட்டின பிள்ளைகள் கால் இதில் நிலைக்கட்டும், ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டேன். துவா முடிந்த பிறகு யார் கையும் ரொட்டிக்கு நீளக் கூடாது, யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, எழுந்தே ஆக வேண்டும். எல்லோரும் பழக்கத்தில் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிவிட்டார்கள், தடவிய பிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. ஒஸ்மோன் வாய்க்குக் கொண்டுபோன சர்க்கரைக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றான். கெரிம்பாய் யார் செத்துப்போனது என்று கேட்டான். நான் துவாவை இப்படி ஒரு தடியாகப் பயன்படுத்தியது இதுவே முதல் தடவை, அதற்கும் கடவுளிடம் வெட்கப்படுகிறேன். மறுநாள் வந்தார்கள், உட்காருவதற்குள் கையை விரித்தேன். அதற்கு மறுநாள் ஒஸ்மோன் மட்டும் வந்தான், வந்து முறைத்துக்கொண்டு நின்றான். நீ துவா சொல்லியே என்னைக் கொன்னுடுவ, சரி, நான் எங்கடா போறது என்றான். எங்க வீட்டுக்கு வா என்றேன்.

இப்போது அவர்கள் எல்லோரும் நம் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் அம்மா என்னைத் திட்டிய திட்டை எழுத எனக்குத் தெரிந்த எழுத்துகள் போதாது. நல்ல தீர்ப்பு கிழவரே, பிள்ளைங்க முதுகுல இருந்து இறக்கி என் முதுகுல ஏத்திட்டீங்க என்கிறாள். அவள் சொல்வதும் உண்மைதான், அதனால் இப்போது சாணி வரட்டி சுமப்பதும் தேநீர்ச் சமோவார் கொதிக்க வைப்பதும் கிண்ணம் கழுவுவதும் நானும் ஒஸ்மோனும். ஒஸ்மோன் கழுவுகிறான், உடைக்கிறான், என்னோடு இன்னும் நேராகப் பேசவில்லை. உன் தாத்தாகிட்ட சொல்லு, கிண்ணம் உடைஞ்சிருச்சுன்னு என்று ஜிபெக்கிடம் சொல்லி அனுப்புகிறான்.

கதை இதோடு நன்றாக முடிந்தது என்று நினைக்காதே. பிள்ளைகள் மன்றத்துக்குத் திரும்பிய அன்று எமில் அவர்களோடு இல்லை. முந்தின நாள் காலை மினிபஸ்ஸில் போய்விட்டான். அவன் மாமா உன் நகரத்தில்தான் கட்டட வேலை செய்கிறாராம், கொஞ்ச நாளாகவே வாடா வாடா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இங்க உக்காரக்கூட இடமில்ல, அங்க போய் நின்னுக்கிட்டாவது சம்பாதிக்கிறேன் என்று தாயிடம் சொன்னானாம். பதினேழு வயது, மகனே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் முந்தியிருக்கலாம். ஒஸ்மோனோடு வாதாடிய அன்றே கையை விரித்திருக்கலாம், அன்று அவன் மூட்டை கட்டியிருக்கவில்லை, பிறகு இரண்டு நாள் நான்தான் தயங்கினேன், நண்பர்கள் முகம் கோணுமே என்று தயங்கினேன். நான் கண்ணால் பார்த்தபின்னும் மேடையில் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. அவன் தாய் என்னைக் கடையில் பார்த்து, எழுத்தெல்லாம் கத்துக்கிட்டீங்களாமே அத்தா, ரொம்ப சந்தோஷம் என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே சொன்னாள். கையில் இருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜிபெக் என்னிடம் நன்றி என்றும் சொல்லவில்லை, கோபம் என்றும் சொல்லவில்லை. முன்னைவிடப் பொறுமையாக இருக்கிறாள், அது எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அவளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், நவ்ரூஸ் வரைக்கும் பொறு. நாடகம் நடக்கட்டும். அதற்குப் பிறகு அவளிடமே கேள், வரியாம்மா என்று கேள், வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போ, தடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் உன் அம்மாவும் பசுவும் இருப்போம். ஆனால் உட்கார இடமில்லாமல் அவள் போகக் கூடாது. போக வேண்டும் என்று போகட்டும்.

நேற்று மாலை மன்றத்தின் பக்கமாக நடந்தேன். உள்ளே போக அல்ல, சும்மா. ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. மேடையில் ஜிபெக் திரையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், நம் துண்டு கம்பியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது, என் எடை பழகிய துணி அல்லவா. அதற்குள் யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். கதவு திறந்தது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள், பாட்டு நின்றுவிட்டது. வாங்க அத்தா, குளிருது, மேல வாங்க, மேல வாங்க. இவர்கள் எங்களை ஒருநாளும் அழைக்காமல் இருக்க மாட்டார்கள், வாசலுக்கு வெளியே நிற்கத் தெரிய வேண்டியது எங்களுக்குத்தான். பசு கன்று போடுற நேரம், எனக்கு வேலை இருக்கு என்றேன். பசுவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஜிபெக்குக்கு அது தெரியும். அவள் மேடையிலிருந்தே என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, பாத்துப் போங்க தாத்தா, வழுக்கும் என்றாள். வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், மறந்துவிடாதே. இந்த உறைக்குள் ஆட்டு மயிர்த் தாடி ஒன்று இருக்கும், பயந்துவிடாதே. எமில் போன அன்று நிழற்குடை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவன் மாமா பெயர் நுர்லான், ஆற்றுக்கு அந்தப்புறம் ஏதோ உயரக் கட்டடத்தில் வேலை என்று தாய் சொன்னாள், விசாரித்தால் நம் ஆட்கள் சொல்லுவார்கள். போய்ப் பார். ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடு, காலில் பூட்ஸ் இருக்கிறதா என்று பார். தாடியைக் கையில் கொடுத்து, கிழவர்கள் இறங்கிவிட்டார்கள், மேடை காலியாக இருக்கிறது என்று நான் சொன்னதாகச் சொல். வா என்று சொல்லாதே, அதைச் சொல்ல நான் யார். காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல். உன் தாய் குல்சாத்துக்கு வெண்ணெய் உருக்கி வைத்திருக்கிறாள், அதுவும் வருகிறது, குளிரில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே.

உங்கள் பாதை வெள்ளையாக, தடையில்லாமல் இருக்கட்டும், கூரை உறுதியாக இருக்கட்டும், நீங்கள் உட்காரும் இடத்தில் உங்களுக்கு இடம் இருக்கட்டும், ஆமீன். துவா சொன்ன பிறகு உட்காரக் கூடாது, எழுந்து நின்றுகொண்டே ஒரு வரி எழுதுகிறேன்: பாக்கி இருந்த அந்த ஐந்து எழுத்தில் இரண்டை அல்தினாய் நம் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்துவிட்டாள், மீதி மூன்றும் இந்த வாரம், அதனால் அடுத்த வாரக் கடிதத்தில் கோணல் கொஞ்சம் குறைந்திருக்கும், நாடகத்தில் யார் அந்தக் கிழவன் வேஷத்தைப் போடப் போகிறார்கள் என்பதையும் அதில் எழுதுகிறேன்.

உன் அத்தா
பெய்ஷென்
(என் கையால்)